சளி மாத்திரையும் ராத்திரி ஓட்டமும்

சளிக்குக் குளோர்பெனிரமின் மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரியில் வேன் ஓட்டுகிறீர்கள். தூக்கம் வரவில்லை, ஊதினாலும் பூஜ்யம்தான், பிறகென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஊதும் கருவிக்குச் சாராயம் மட்டும்தான் தெரியும், மாத்திரை தெரியாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 185 குடிபோதையோடு மருந்தையும் சேர்த்தே பேசுகிறது.

‘தூக்கம் வரவில்லை’ என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெதர்லாந்தில் இதை நிஜ நெடுஞ்சாலையிலேயே அளக்கிறார்கள். மருந்து சாப்பிட்டவர் மணிக்கு 95 கி.மீ. வேகத்தில் சுமார் 100 கி.மீ. ஓட்ட வேண்டும். பக்கத்தில் பயிற்சியாளர், அவர் காலடியிலும் ஒரு பிரேக். வண்டியில் பொருத்திய கேமரா, வெள்ளைக் கோட்டிலிருந்து வண்டி எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று விடாமல் பதிவு செய்யும். பார்ப்பது அந்த இடைவெளி எவ்வளவு அலைபாய்கிறது என்பதைத்தான். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் இருந்தால் அந்த அலைச்சல் சராசரியாக 2.4 செ.மீ. கூடும். (நம் ஊர் வரம்பு 30தான்!) விரற்கடை அளவு என்று சிரிக்க வேண்டாம், பல மருந்துகளை இந்த அளவுகோலில்தான் நிறுத்துப் பார்க்கிறார்கள். முதல்நாள் இரவு போட்ட சோபிக்ளோன் தூக்க மாத்திரை மறுநாள் காலையிலும் இதைத் தாண்டியிருக்கிறது. ஓட்டியவர்களில் பலர் நன்றாகத்தான் ஓட்டினோம் என்று நினைத்தவர்கள்.

உங்கள் மாத்திரை பழைய ரகம், மூளைக்குள் போய் மந்தப்படுத்தும். டாக்டரிடம் ‘ராத்திரி வண்டி ஓட்டுகிறேன்’ என்று சொல்லி, அவ்வளவாக மந்தப்படுத்தாத புது ரகமான பெக்சோபெனடின் சரிவருமா என்று கேளுங்கள். அப்புறம், மாத்திரையோடு ஒரு பீர் மட்டும் வேண்டவே வேண்டாம்.