டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி... கிளெய்ம் போச்சா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. 2018-ல் மருத்துவக் காப்பீடு எடுத்து, ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பித்து வருகிறோம். போன மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 2 லட்சத்து 40 ஆயிரம். 'பாலிசி எடுக்கும்போதே பிபி இருந்ததை மறைத்துவிட்டீர்கள்' என்று கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: விட்டுவிடாதீர்கள், உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 'பிபி - 10 ஆண்டுகள்' என்று ஒரு வரி இருக்கும். அட்மிஷன் நேரத்தில் டியூட்டி டாக்டர் 'எத்தனை வருஷமா பிபி?' என்று கேட்பார். பதற்றத்தில் நிற்கும் நாம் 'அது இருக்கும் சார், பத்து வருஷம்' என்போம். அந்த வாய்வார்த்தையைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது தவறு என்றால், அம்மா முதலில் எப்போது மாத்திரை ஆரம்பித்தார் என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய பிடி ஒன்று உண்டு. இடைவெளி இல்லாமல் 60 மாதங்கள் பாலிசி ஓடிவிட்டால், 'முன்பே இருந்த நோயைச் சொல்லவில்லை' என்பதற்காகக் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் முடியும். முன்பு இது 8 வருடமாக இருந்தது. 2024-ல் காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐஆர்டிஏஐ 5 வருடமாகக் குறைத்தது. நடுவில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்கு மட்டும் அந்தத் தேதியிலிருந்து கணக்கு.

சரி, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு 'மாரடோரியம்' எனப்படும் இந்த 60 மாத விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். போனில் பேசுவது போதாது. மெயிலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். முதல் பாலிசியிலிருந்து எல்லா வருட நகல்களையும் இணையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, மறுபடி மறுத்தாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரையிலான வழக்குகளைப் பார்ப்பார்கள். நிராகரிப்புக்குப் பின் ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

அப்புறம், கோபத்தில் அடுத்த பிரீமியத்தைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். பாலிசி காலாவதியானால் இந்த வயதில், ஸ்டென்ட் வைத்த பிறகு, புதிதாக ஒன்று கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் அந்த 60 மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.