பெரியவர்கள் ஏன் குதிரைக்குட்டி கார்ட்டூன் பார்க்கிறார்கள்? 'பிரோனி' என்றால் யார்?

2010 அக்டோபரில் அமெரிக்காவில் 'மை லிட்டில் போனி: ஃபிரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்' தொடங்கியது. பொம்மை விற்கும் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் தொடர், சிறுமிகளுக்காக எடுத்தது. அதற்கு ரசிகர்களான வளர்ந்தவர்கள்தான் பிரோனிகள். 'ப்ரோ'வும் 'போனி'யும் ஒட்டிப் பிறந்த பெயர்.

"தாடி முளைத்தவனுக்கு இதென்ன?" என்பதுதான் வழக்கமான கேலி. ஆனால் அவர்கள் பார்ப்பதற்குக் காரணம் எளிது. அதை உருவாக்கிய லாரன் ஃபாஸ்ட், சிறுமிகளுக்கு என்றால் ஏனோதானோவென்று எடுத்தால் போதும் என்று நினைக்கவில்லை. ஆறு நாயகிகளுக்கும் ஆறு குணம். ஃபிளட்டர்ஷை வாயைத் திறக்கவே கூச்சப்படுவாள். ரேரிட்டி துணி தைத்துத் தைத்தே ஓய்ந்துபோவாள். அலுவலகத்தில் நமக்குத் தெரிந்த முகங்கள்தான்.

குழந்தைக்குப் பிசைந்த பருப்புச் சாதத்தில் கடைசி உருண்டையை அம்மா தன் வாயில் போட்டுக்கொள்வாள் அல்லவா? காரம் குறைவுதான், நெய் வாசம் அவளுக்கும் தெரியும். அப்படித்தான் இதுவும்.

ரசிகர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகவும் இல்லை. முதல் பகுதியில் கூட்டத்தில் நின்ற ஒரு கோணல்கண் குதிரைக்கு அவர்களே 'டெர்பி' என்று பெயர் வைத்தார்கள். பிறகு தொடரே அவளைப் பாத்திரமாக்கிக்கொண்டது. 2015-இல் வந்த நூறாவது பகுதி முழுக்க இப்படிப் பின்னணியில் நின்றவர்களின் கதைதான்!

ரசிகர்களில் சிலர் இந்தக் குதிரைகளை வைத்து ஆபாசப் படம் வரைந்தது உண்மை. அதைத் தாராளமாகக் கண்டிக்கலாம். பிரோனிகள் எல்லாரும் ஆண்கள் என்பது மட்டும் தவறு, பெண்களும் நிறைய உண்டு, அவர்களில் பலர் தங்களைப் 'பெகாசிஸ்டர்' ('பெகாசஸ்' என்ற சிறகுக் குதிரையும் 'சிஸ்டர்'உம் சேர்ந்த பெயர்) என்று சொல்லிக்கொள்வார்கள்.