அரிசி மண்டிக் கணக்கும் அனுபவம்தான்

கேள்வி: எனக்கு வயது 25. பி.காம் முடித்துவிட்டு மூன்று வருடமாக அம்பாசமுத்திரத்தில் பெரியப்பாவின் அரிசி மண்டியில் கணக்கு பார்க்கிறேன். 25 கிலோ சிப்பத்துக்கு வரி உண்டு, 26 கிலோவுக்கு இல்லை என்று தினமும் பில்லோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. வெளியே வேலைக்குப் போக ஆசை. திருநெல்வேலியில் ஆடிட்டர் ஆபீஸ், ஷோரூம், கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கும் கம்பெனிகள் என்று நாற்பது இடத்துக்கு மேல் விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். ஒரு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. சொந்தக்காரர் கடை என்பதால் அனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றுதான் போடுகிறேன். பல வேலைகள் கண்ணில் படும்போதே கடைசித் தேதி தாண்டிவிடுகிறது. நான் அனுப்பும் விண்ணப்பத்தையும் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தையும் படித்தேன், விண்ணப்பத்தையும் படித்தேன். இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதினாரா என்று சந்தேகமே வந்துவிட்டது. கடிதத்தில் போகிறபோக்கில் 25 கிலோ, 26 கிலோ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்களைக் கூப்பிட்டுப் பேசலாம். விண்ணப்பத்தில் அது இல்லை. ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாகப் பணியாற்றும் திறன்’, ‘எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்’ என்று ஊரில் எல்லோரும் போடுகிற வரிகள்தான் இருக்கின்றன.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடை போனால் கிடையாது. 26 கிலோ சிப்பம் கடைகளுக்கு வந்த கதை இதுதான். வரியுள்ள விற்பனையும் வரியில்லாத விற்பனையும் ஒரே நிறுவனத்தில் நடந்தால், ஆடிட்டர் ஃபீஸ் மாதிரியான பொதுச் செலவுகளில் எடுத்த உள்ளீட்டு வரி வரவில், அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டதில், ஒரு பங்கைத் திருப்பியாக வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் ஏராளம். மாதாமாதம் கையால் செய்தவர்கள் குறைவு. நீங்கள் அதைச் செய்துகொண்டே ‘அனுபவம்: இல்லை’ என்று போடுகிறீர்கள்!

மண்டி பெரியப்பாவுடையது என்பது உங்கள் குடும்ப விஷயம். வேலை வேலைதான். பதவி, நிறுவனத்தின் பெயர், ஊர், எந்த மாதம் முதல் என்று மற்றவர்கள் எழுதுவது போலவே எழுதுங்கள். உறவுமுறையை விண்ணப்பத்தில் போட வேண்டியதில்லை. நேர்முகத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, செய்த வேலையை எப்படி எழுதுவது என்பது. நீங்கள் போட்டிருப்பது ‘கணக்கு எழுதுதல், ஜி.எஸ்.டி. வேலை, பில் போடுதல்’. இதைப் படிப்பவருக்கு நீங்கள் நாளைக்கு நாலு பில் போட்டீர்களா, நூறு போட்டீர்களா என்று எப்படித் தெரியும்? உங்கள் கணக்கு மென்பொருளான டாலியைத் திறந்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற ரிப்போர்ட்டைப் பாருங்கள். எத்தனை விற்பனை வவுச்சர், எத்தனை கொள்முதல், எத்தனை ரசீது என்று அதுவே வகைவாரியாக எண்ணிக் காட்டும். ஒரு வருடக் கணக்கை எடுத்து பன்னிரண்டால் வகுத்தால் மாத சராசரி வந்துவிடும். அந்த எண்ணை வைத்து இப்படி எழுதலாம் (ஜி.எஸ்.டி.ஆர்-1 என்பது விற்பனை விவரம், 3பி என்பது மாத வரிக் கணக்கு, 2பி என்பது சப்ளையர்கள் ஏற்றிய பில்களிலிருந்து நமக்கு வரும் வரி வரவுப் பட்டியல்):

“டாலி பிரைமில் மாதம் சராசரியாக இத்தனை விற்பனை, கொள்முதல் பில்கள் பதிவு. ஜி.எஸ்.டி.ஆர்-1 ஒவ்வொரு மாதமும் 11-ம் தேதிக்குள்ளும், 3பி 20-ம் தேதிக்குள்ளும் தாக்கலாகும்படி விவரங்களைத் தயார் செய்து ஆடிட்டரிடம் கொடுத்தல். 2பி வந்ததும் கொள்முதலோடு ஒப்பிட்டு, சப்ளையர் ஏற்றாமல் விட்ட பில்களைக் கண்டுபிடித்து, போன் செய்து ஏற்ற வைத்தல்.”

அந்தக் கடைசித் துண்டு முக்கியம். சப்ளையர் பில்லை ஏற்றாவிட்டால் நம் வரி வரவு நிற்கும். போனில் நச்சரித்து அதை வாங்கித் தருகிற ஆளைத்தான் எந்த அக்கவுண்ட்ஸ் மேனேஜரும் தேடுகிறார். ஒன்று மட்டும்: தாக்கலை ஆடிட்டர் செய்தார் என்றால் ‘தாக்கல் செய்தேன்’ என்று எழுதாதீர்கள். இரண்டு கேள்வியில் பிடித்துவிடுவார்கள்.

இப்போது விண்ணப்பத்தோடு நீங்கள் அனுப்பும் மெயில். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிறுவனத்தில் ஏதேனும் தகுந்த பணி வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். இது கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற நடை. ‘ஏதேனும் பணி’ என்றால் எந்தப் பணிக்கு உங்களை எடுப்பது என்று அவர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்கமாட்டார். விளம்பரத்தை ஒரு தாளில் எழுதி, அவர்கள் கேட்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அதில் கனமான இரண்டை மட்டும் எடுத்து மெயிலில் வையுங்கள். உதாரணத்துக்கு:

“அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் பணிக்கான உங்கள் விளம்பரத்தில் டாலியும் ஜி.எஸ்.டி. ஒப்பீடும் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வருடமாக ஒரு அரிசி மொத்த வியாபார நிறுவனத்தில் இந்த இரண்டையும் செய்கிறேன். வரியுள்ள சரக்கும் வரியில்லாத சரக்கும் சேர்ந்து வரும் கணக்கு என்பதால் 2பி ஒப்பீடும் வரி வரவைத் திருப்புவதும் எனக்கு மாதாந்திர வேலை. வீரவநல்லூரிலிருந்து தினமும் வந்துபோக முடியும். பணியில் சேர ஒரு மாதம் தேவைப்படும்.”

இதையே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், போதும். ஊர் வரியை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். ‘வீரவநல்லூரா? தினமும் எப்படி வரும்?’ என்று நினைத்தே ஓரம்கட்டுகிறவர்கள் உண்டு. உங்கள் ஊரில் செங்கோட்டை லைன் ரயில் நிற்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. கங்கைகொண்டான் என்றால் நெல்லையைத் தாண்டி மதுரை ரோட்டில் போக வேண்டும். அங்கே அனுப்பும்போது கம்பெனி பஸ்ஸில் வருவீர்களா, ஹாஸ்டலில் தங்குவீர்களா என்று வீட்டில் பேசி முடிவுசெய்துகொண்டு அதற்கேற்ப எழுதுங்கள்.

சில்லறை விஷயங்கள். அப்பா பெயர், மதம், திருமணமானவரா, கடைசியில் ‘மேற்கண்ட யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி இதெல்லாம் தனியார் வேலைக்குத் தேவையில்லை. அரசு விண்ணப்பம் என்றால் கதை வேறு, அவர்கள் கேட்கிற கட்டம் ஒன்றைக்கூட விடக்கூடாது. பக்கத்தை நெடுக்கே இரண்டு பத்தியாகப் பிரித்து, பூ வைத்து, கலர் பட்டை போட்ட டிசைனை விட்டுவிடுங்கள். பெரிய கம்பெனிகளில் முதலில் மென்பொருள்தான் படிக்கிறது, அது பத்திகளைக் கலந்து குழப்பிவிடலாம். ஃபைல் பெயர் ‘ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2’ என்று இருக்கிறது. உங்கள் பெயரையும் பதவியையும் வையுங்கள்.

வேலைகள் தாமதமாகக் கண்ணில் படுவது ஏன் என்றால், நீங்கள் தேடிப் போகிறீர்கள். அது உங்களைத் தேடி வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். கூகுள் அலர்ட்ஸில் பணியின் பெயரையும் ‘திருநெல்வேலி’யையும் ஆங்கிலத்தில், இரண்டையும் தனித்தனியே மேற்கோள் குறிக்குள் போட்டு ஒரு அலர்ட் வையுங்கள். மெயிலுக்கு வர வைக்கலாம், ஆர்.எஸ்.எஸ். ஃபீடாகவும், அதாவது புதிதாக வருவதைத் தானாகவே கொண்டுவந்து தருகிற ஓடையாகவும், எடுக்கலாம். நான் ஃபீடைத்தான் சொல்வேன், ஏனென்றால் மெயில் பெட்டியில் நகைக்கடைத் தள்ளுபடிக்கு நடுவே அது காணாமல் போய்விடும். ஃபீட்லி, இனோரீடர் மாதிரி ஒரு செயலியைப் போனில் போட்டு, இந்த அலர்ட்டையும், ஃபீட் வசதி உள்ள வேலைவாய்ப்புப் பக்கங்களையும் அதில் சேர்த்துவிட்டால் புதிதாக வந்தது மட்டும் ஒரே வரிசையில் நிற்கும். காலையில் காபி குடிக்கிற நேரம் போதும். ஆர்.எஸ்.எஸ். ஒன்றும் புதுசு இல்லை, 1999-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். எல்லோரும் மறந்துவிட்ட சாமான், வேலை தேடுகிறவர்களுக்கு இன்னும் உதவுகிறது.

ஃபீட் இல்லாத தளங்களும் உண்டு. நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் அவர்களுடைய அலர்ட்டையே போட்டுக்கொள்ளுங்கள். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் மத்திய அரசின் என்.சி.எஸ். என்ற வேலைவாய்ப்புத் தளத்திலும் பெயரைப் பதிந்துவிடுங்கள், இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் குரூப்பில் வருவதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட் என்று காசு கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெரியப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. உங்களை எடுக்க முடிவு செய்ததும் கம்பெனியிலிருந்து மண்டிக்கு ஒரு போன் வரும். அவர் விஷயம் தெரியாமல், ‘அது நம்ம தம்பி மகள்லா, சும்மா ஒத்தாசைக்கு வந்துபோவுது’ என்று வாஞ்சையாகச் சொல்லிவிட்டால் மூன்று வருடமும் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். அவரிடம் முன்கூட்டியே பேசி, லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, பதவி, செய்கிற வேலை எல்லாம் போட்டு அனுபவச் சான்று ஒன்று கேளுங்கள். சம்பளத்தைக் கையில் வாங்குகிறீர்கள் என்றால் இந்த மாதத்திலிருந்தே வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், மூன்று மாத ஸ்டேட்மென்ட் கேட்கிற இடங்கள் நிறைய. விசாரிக்க யாருடைய எண்ணைத் தருவது என்று கேட்டால் மண்டியின் ஆடிட்டர் எண்ணை, அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கொடுங்கள். சொந்தம் இல்லாதவர் சொல்லுக்கு மதிப்பு கூடுதல்.

பெரியப்பா கொஞ்சம் முகம் சுளிக்கலாம். உங்களுக்குப் பதில் வருகிற ஆளுக்கு டாலியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேரும் தேதியை நீங்கள் சொல்லலாம் என்றால் 3பி போட்டு முடிந்த பிறகு, 20-ம் தேதிக்கு மேல் ஒரு நாளாகக் கேளுங்கள்.