1996 ஷாம்பெயின்: இன்னும் குடிக்கலாமா?

கேள்வி: மறைந்த பெரியப்பாவின் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு ஷாம்பெயின் பாட்டில் கிடைத்தது. லேபிளில் 'பிளாங் த பிளாங்', 1996 என்று இருக்கிறது. இத்தனை வருடம் கழித்துக் குடிக்கலாமா? விற்பதா, இன்னும் வைத்திருப்பதா?

பதில்: குடிக்கலாம். பழசாகிவிட்டது என்பதற்காக உடம்புக்குத் தனியாக எந்தக் கெடுதலும் வராது. போனால் சுவைதான் போயிருக்கும். 2010இல் பால்டிக் கடலடியில் மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து சுமார் 170 வருடப் பழைய ஷாம்பெயின் பாட்டில்களை எடுத்தார்கள். குளிரும் இருட்டும் காப்பாற்றியதால், அவற்றில் சில அப்போதும் குடிக்கும்படி இருந்தன.

'பிளாங் த பிளாங்' என்றால் வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்தது. பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் அது பெரும்பாலும் சார்டொனே என்ற திராட்சை வகைதான். எப்பர்னே ஊருக்குத் தெற்கே, அவீஸ், லெ மெனில் போன்ற ஊர்களின் சுண்ணாம்பு மண்ணில் விளையும் சார்டொனேவுக்குப் புளிப்பு அதிகம். அந்தப் புளிப்புதான் அதற்கு நீண்ட ஆயுளைத் தருகிறது. 1996இல் திராட்சையில் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே தூக்கலாக இருந்தன. தாங்கி நிற்கக்கூடிய ஆண்டு.

ஆனால் நான் முதலில் பார்ப்பது அந்த ஆண்டை அல்ல. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் வண்டல் நீக்கிய தேதியை அதில் போடுவார்கள். ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. வேலை முடிந்து செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்கி, மெல்ல மெல்லக் கரைந்து, வறுத்த ரொட்டி, வெண்ணெய் வாசனைகளைக் கொடுக்கிறது. உள்ளே வரும் ஆக்சிஜனையும் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. லேபிளில் ஆண்டு குறித்த ஷாம்பெயினை, விற்கும் முன் சட்டப்படி 3 வருடம் நிலவறையில் வைத்திருந்தால் போதும். லெ மெனிலின் சலோன் போன்ற தயாரிப்பாளர்கள் 10 வருடம்கூட வண்டலோடு விடுவார்கள். வண்டலை வெளியேற்றித் தக்கை அடித்த நாளிலிருந்துதான் முதுமை வேகமெடுக்கிறது. ஒரே 1996தான், 2003இல் வண்டல் நீக்கியதும் 2015இல் நீக்கியதும் இரண்டு வேறு ஒயின் என்றே சொல்வேன்.

அப்புறம், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொன்னிறமாக இருந்தால் நல்லது. பழுப்பேறியிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஒயின் மட்டம் இறங்கியிருந்தாலும், தக்கையைச் சுற்றிப் பிசுக்கு இருந்தாலும் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

விற்பதைப் பற்றி: வாங்குபவர் முதலில் கேட்பது எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள் என்பதைத்தான். 10, 12 டிகிரியில், இருட்டில் இருந்ததென்று காட்ட முடிந்தால் விலை கிடைக்கும். சாதாரண அலமாரியில் இருந்தது என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இனியும் வைத்திருப்பதில் லாபம் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால், பெரியப்பாவை நேசித்தவர்களைக் கூப்பிட்டு இந்த மாதமே திறந்துவிடுவேன்.

திறக்கும்போது நிதானம் தேவை. மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸர் வேண்டாம். பாட்டிலைச் சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் பிடித்து, கட்டை விரலைத் தக்கையிலிருந்து எடுக்காமல் கம்பியைத் தளர்த்துங்கள். அப்புறம் தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மட்டும் திருப்புங்கள். இளம் பாட்டிலின் தக்கை வெளியே வந்ததும் அடிப்பக்கம் பாவாடை போல விரியும். இதில் முளைக்குச்சி போல நேராக, ஒரு சின்னப் பெருமூச்சோடு வரும். 'டப்' என்று சத்தம் வரவில்லையே என்று பயப்படாதீர்கள்.

ஒடுங்கிய நெட்டைக் கிளாஸ் வேண்டாம், வயிறு அகன்ற ஒயின் கிளாஸில் ஊற்றுங்கள். முதல் வாய் காளான் மாதிரியோ, மூடிக் கிடந்த அறை மாதிரியோ வாசம் அடிக்கலாம். கீழே கொட்டிவிடாதீர்கள். கால் மணி நேரம் கிளாஸிலேயே விடுங்கள். தேனும் வறுத்த பருப்பும் மெல்ல மேலே வரும்.