நாவலில் வரும் வக்கீல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நாகர்கோவிலில் கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். சஸ்பென்ஸ் நாவல் எழுதுகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

தக்கலை தம்பி: என் நாயகன் பதினைந்து வயதில் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவன். வக்கீல் ஆக முடியுமா சார்?

முடியும். சிறார் நீதிச் சட்டம் 2000, 2015 இரண்டுமே அந்த வயதுக் குற்றத்தால் பின்னாளில் தகுதிக்குறைவு வராது என்கின்றன. வயது வந்தபின் ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை என்றால் கதை வேறு. விடுதலையாகி இரண்டு ஆண்டு கழியும்வரை வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. பையன் வயதைப் பதினைந்திலேயே வையுங்கள்.

கருங்கல் வாசகி: கட்சிக்காரர் "நான்தான் கொன்றேன்" என்று அந்த வக்கீல் நாயகனிடம் சொல்லிவிடுகிறார். போலீஸில் சொல்லலாமா?

கூடாது. நடந்து முடிந்த குற்றத்தைப் பற்றிக் கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியே விடக் கூடாது. இனிமேல் குற்றம் செய்ய உதவி கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் கதையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். செத்தவர், நாயகன் சிறுவயதில் தண்டிக்கப்பட்ட பழைய வழக்கில் சாட்சி சொன்னவராக இருந்தால்? தானே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிவரும் என்று தெரிந்தால் வக்கீல் அந்த வழக்கை எடுக்கக் கூடாது. பாதியில் தெரிந்தாலும் விலக வேண்டும். விலகினால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். விலகாவிட்டால் வக்கீல்களைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலின் நடவடிக்கை. அவன் தூங்காத இரவுகளை எழுதுங்கள்.

குளச்சலிலிருந்து: ஜூரி (தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழு) முன் கடைசி வாதம் வைக்கலாமா?

வேண்டாம். இங்கே தீர்ப்பு சொல்வது செஷன்ஸ் நீதிபதி மட்டும்தான்.

மார்த்தாண்டம் ஆசிரியர்: கதை 1954-இல் விளவங்கோட்டில் நடக்கிறது. அப்பீல் சென்னைக்கா?

இல்லை சார், எர்ணாகுளத்துக்கு. அப்போது நம் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதான் சென்னை, 2004 முதல் மதுரைக் கிளை. பழைய ஆதாரங்கள் (பத்திரங்கள்) பலவும் மலையாளத்தில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரு வயதான குமாஸ்தா உங்களுக்கு நல்ல பாத்திரம்.

தக்கலை தம்பி மறுபடியும்: போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே தண்டனை வாங்கித் தரலாமா?

முடியாது. அதைக் கேட்டுத் தோண்டியதில் கத்தி கிடைத்தால், கிடைத்த இடத்தைக் காட்டிய பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்திலும் அதே விதிதான். அதனால் குறுக்கு விசாரணையை மகசர் சாட்சியிடம், அதாவது பொருளைக் கைப்பற்றியதாகப் போலீஸ் எழுதும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரிடம், வையுங்கள். கத்தி எடுத்த தென்னந்தோப்பில் அவர் கையெழுத்துப் போட்டாரா, ஸ்டேஷனில் போட்டாரா? நான் முதலில் கேட்பது அதைத்தான்.