நான்கு ஆண்டு வயிற்றுக் கோளாறு: எந்தப் பரிசோதனையில் விடை கிடைக்கும்?

கேள்வி: செங்கோட்டைக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 43. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். நான்கு ஆண்டுகளாக வயிற்றுக் கோளாறு. சாப்பிட்ட சிறிது நேரத்தில் வயிறு ஊதிக்கொள்கிறது. காலையில் மூன்று நான்கு முறை இளக்கமாகப் போகிறது. சில வாரங்களில் மலச்சிக்கல். தென்காசியில் அல்சர் என்றார்கள், புனலூரில் ஐ.பி.எஸ். என்றார்கள். மூன்று முறை ஸ்கேன் எடுத்தும் எல்லாம் நார்மல். எண்டோஸ்கோபியில் இரைப்பையில் லேசான அழற்சி மட்டும் இருந்தது. இரண்டு ஆண்டுகளாகக் கேஸ் மாத்திரையும் இடையிடையே நாட்டு மருந்துச் சூரணமும் சாப்பிடுகிறேன். மெலிந்துகொண்டே போவதால் இந்த ஓராண்டில் ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்துவிட்டேன். எந்த டெஸ்ட் எடுத்தால் என்ன நோய் என்று தெரியும்? திருநெல்வேலிக்குப் போவதா, திருவனந்தபுரத்துக்குப் போவதா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான செய்தியை நீங்கள் கடைசியில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள். ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன் என்ற அந்த வரியை உங்களைப் பார்த்த மருத்துவர்களிடம் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் மூன்றாவது ஸ்கேனுக்குப் பதிலாக வேறு ஒரு பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

வயிறு ஊதுவதும், ஒரு வாரம் இளக்கமும் மறுவாரம் சிக்கலுமாக மாறுவதும் எத்தனையோ பேருக்கு உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குக் குடலில் புண்ணோ கட்டியோ இருப்பதில்லை. குடலின் அசைவும் உணர்வும்தான் சீர்கெட்டிருக்கும். அதைத்தான் ஐ.பி.எஸ். என்கிறோம். அது கற்பனை நோய் அன்று, மனப்பிரமையும் அன்று. கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வந்திருக்க வேண்டும். மலம் கழிப்பது, மலம் போகும் தடவை மாறுவது, அதன் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டோடாவது அந்த வலி தொடர்புடையதாக இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்று அதற்கு வரையறையே உண்டு. ஆனால் ஐ.பி.எஸ். ஒருவரை மெலியவைப்பதில்லை, தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்கு ஓடவைப்பதும் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பெயரை எழுதிவிட்டுக் கோப்பை மூடக் கூடாது.

எனவே முதல் வேலை டெஸ்ட் அன்று, எடை. இன்றைய எடையைப் பாருங்கள். பிறகு பழைய எடையைத் தேடுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளின் ஓரத்தில் செவிலியர் கிறுக்கிய எண் எங்காவது இருக்கும். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும் என்பது எங்கள் கணக்கு. 55 கிலோ இருந்தவருக்கு மூன்று கிலோ குறைந்தாலே அந்த எல்லை வந்துவிடும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் ஒருவருக்கு எடை பார்க்காமலே வாயு மாத்திரை எழுதி அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தபோது, இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்திய மூன்று புதிய ஓட்டைகள் இருந்தன. அவருக்கு இருந்தது குடல் காசநோய். அந்த நான்கு மாதத் தாமதத்துக்கு நானே பொறுப்பு. அன்றிலிருந்து எடை பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

மூன்று ஸ்கேனும் நார்மலாக இருக்கும்போது நோய் எப்படி இருக்க முடியும் என்று கேட்பீர்கள். ஒலியலையால் எடுக்கும் வயிற்று ஸ்கேன் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம், கருப்பை ஆகியவற்றை நன்றாகக் காட்டும். குடல் காற்று நிறைந்த குழாய். ஒலியலை காற்றைத் தாண்டிச் செல்லாது. அதனால் குடலின் உட்சுவரில் உள்ள புண்ணையோ தடிப்பையோ அது பல நேரங்களில் தவறவிடும். கணையமும் குடல் காற்றுக்குப் பின்னால் மறைந்திருப்பதால், ‘கணையம் சரியாகத் தெரியவில்லை’ என்று அறிக்கையிலேயே எழுதியிருப்பார்கள். நாம்தான் கீழே உள்ள ‘நார்மல்’ என்ற சொல்லை மட்டும் படிக்கிறோம். எண்டோஸ்கோபியும் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் என்ற அளவோடு நின்றுவிடும். உங்கள் தொல்லை பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கிறது. அந்தப் பகுதியை இதுவரை யாரும் பார்க்கவில்லை. எண்டோஸ்கோபியில் தெரிந்த லேசான அழற்சி வயது வந்த பலருக்கும் காணப்படுவதுதான்; உங்கள் மெலிவுக்கு அது காரணம் ஆகாது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பகுதியில் எந்தெந்த நோய்களை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, இப்போது சொன்ன குடல் காசநோய். இருமலோ சளியோ இல்லாமல், நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருக்கும்போதே, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் வரும். வலப்பக்க அடிவயிற்றில் வலி, மாலைக் காய்ச்சல், மெலிவு, வயிற்றில் ஏதோ உருண்டு ‘கடமுட’ என்று ஓசை எழுப்பிவிட்டு அடங்குவது ஆகியவை இதன் குறிகள். அதே இடத்தில் அதே தோற்றத்தோடு வரும் குரோன் நோய் என்ற வேறொரு அழற்சி நோயும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது அனுபவம் உள்ளவர்களுக்கே கடினம். ஒன்றுக்குக் காசநோய் மருந்து கொடுக்க வேண்டும், மற்றதற்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள். காசநோய் இருப்பவருக்கு அவற்றைக் கொடுத்தால் நோய் பரவும். ஆகையால் திசு எடுத்துப் பார்க்காமல் எந்த வைத்தியத்தையும் தொடங்கக் கூடாது. திசுவை எடுத்த பிறகும் தெளிவு கிடைக்காவிட்டால், காசநோய் மருந்தைக் கொடுத்துச் சில மாதங்களில் மறுபடி கொலோனோஸ்கோபி (குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பதும் நம் நாட்டில் ஏற்கப்பட்ட வழிமுறையே.

இங்கே ஒரு வேண்டுகோள். வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக் கடையில் ஓஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி சேர்ந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் வழக்கம் மலைக்கு இரு புறமும் உண்டு. அந்த மருந்துக்குக் காசநோய்க் கிருமியின் மீதும் ஓரளவு வேகம் உண்டு. நோயைக் குணப்படுத்தாமல் சில வாரம் அமுக்கி வைத்து, கண்டறிவதைத் தள்ளிப்போட்டுவிடும். தயவுசெய்து வேண்டாம்.

இரண்டாவது, கணையம். குடிப்பழக்கமே இல்லாதவர்களுக்குக் கணையத்தில் கல் உண்டாகி, செரிமான நீர் சுரப்பது குறைந்து, பின்னால் சர்க்கரை நோயும் சேரும் ஒருவகைக் கணைய அழற்சி தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், வெகுநாளாக அறியப்பட்டது. 1960களில் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளை வைத்து இதை விரிவாகப் பதிவு செய்தார். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று நீண்ட காலம் ஐயப்பட்டார்கள், அது உறுதிப்படவில்லை. மரபணுவின் பங்கு பெரிது என்பது பின்னால் தெரிந்தது. எனவே மரவள்ளிக் கப்பையையும் மீன்குழம்பையும் நினைத்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது மலத்தை. எண்ணெய்ப் பசையோடு வெளிறிப் போய், கடும் நாற்றத்தோடு மிதந்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியும் கழிப்பறைப் பீங்கானில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் தொடங்கும் வலி முதுகுக்குப் பாய்கிறதா? ஆம் என்றால், மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும் கணையத்துக்கான சி.டி. ஸ்கேனும் தேவைப்படும். சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு இதில் கூச்சம் கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டங்களில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு வந்து இரத்தச் சோகையில் கொண்டுவிடும். ஜியார்டியா என்ற நுண்ணுயிர் மாதக்கணக்கில் வயிற்றை ஊதவைக்கும். இவற்றுக்கு மூன்று வெவ்வேறு நாட்களில் மலப் பரிசோதனை செய்வது நல்லது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைவது தென்னாட்டவரிடம் மிகுதி. ஒரு நாளைக்கு ஐந்து பால் சாயா குடிப்பவர் இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தைராய்டும் சர்க்கரையும் பார்க்கப்பட வேண்டும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் சீலியாக் நோய் அரிசி உண்ணும் நம்மிடையே குறைவு. ஆனாலும் அதற்கான இரத்தப் பரிசோதனை எளிது. அதற்கு முன் பரோட்டாவையும் சப்பாத்தியையும் நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டும். உங்கள் வயதில், புதிதாக ஊதத் தொடங்கிய வயிறு சினைப்பையின் கோளாறாகவும் இருக்கலாம். கடைசி ஸ்கேன் பழையதாக இருந்தால் அடிவயிற்றை மட்டும் ஒரு முறை மறுபடி பார்ப்பதில் தவறில்லை.

அந்தச் சூரணத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். மலச்சிக்கலுக்குத் தரும் சூரணங்கள் பலவற்றில் நிலாவாரை இருக்கும். திருநெல்வேலிச் சீமையின் பெயரிலேயே வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான இலை அது. நல்ல பேதி மருந்துதான். ஆனால் நாள்தோறும் எடுத்தால் முறுக்கு வலியும் வயிற்றுப்போக்கும் அதனாலேயே வரும். சிக்கலுக்குச் சூரணம், போக்குக்கு மாத்திரை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவருடைய குடலின் உண்மை நிலையை எந்த மருத்துவராலும் படிக்க முடியாது. மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் போடும் வலி நிவாரணிகள் குடலைப் புண்ணாக்கும், மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டின் அளவையும் ஏற்றிவிடும். தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் குனிந்திருக்கும் உங்களுக்கு அந்த மாத்திரைகள் பழக்கமாக இருக்கக் கூடும் என்பதால் கேட்கிறேன். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் வயிற்றை இளக்கும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். மருந்துப் பெயர் தெரியாவிட்டால் காலி அட்டைகளை அப்படியே கொண்டு போங்கள்.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் காய்ச்சலோ கடும் பேதியோ வந்ததா, இரவில் எழுந்து போக வேண்டியிருக்கிறதா, இரத்தமோ சளியோ கலந்து போகிறதா, குடும்பத்தில் யாருக்கேனும் குடல் புற்றுநோயோ காசநோயோ இருந்ததா, எடை எப்போது தொடங்கி எவ்வளவு குறைந்தது என்பவை போதும். இரண்டு வாரத்துக்கு, நாளுக்கு எத்தனை தடவை மலம் போனது, எந்தத் தன்மையில் போனது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்தப் பக்கத்தில் ‘கேஸ்’ என்ற சொல் மட்டும் வேண்டாம். ஏப்பம், ஊதல், நெஞ்செரிச்சல், வலி, ஏன், மாரடைப்புக்கு முந்திய நெஞ்சிறுக்கம் வரை எல்லாவற்றையும் நாம் அந்த ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். மலைக்கு அப்பால் கேரளத்துக்குப் போகும்போது மொழியும் சற்று இடறும். குமட்டலை மலையாளிகள் ‘ஓக்கானம்’ என்பார்கள், வாந்தியைச் ‘சர்தி’ என்பார்கள், ‘வேதன’ என்றால் அவர்களுக்கு நேரான வலிதான். நாம் துன்பம் என்ற பொருளில் ‘ரொம்ப வேதனை’ என்று சொன்னால் அங்கே கடும் வலி என்று எழுதப்படும். எழுதிய தாள் கையில் இருந்தால் இந்தக் குழப்பம் குறையும்.

பரிசோதனை வரிசை என்று பார்த்தால், முதலில் இரத்த அணுக்கள், இரும்புச்சத்து, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இரத்தப் புரதமான ஆல்புமின், சர்க்கரை, தைராய்டு, சீலியாக் பரிசோதனை, மலப் பரிசோதனை, கால்ப்ரோடெக்டின். மெலிவு எடை இயந்திரத்திலும் உறுதிப்பட்டால், இவை எப்படி வந்தாலும் உங்களுக்குக் கொலோனோஸ்கோபி தேவை என்பதே என் கருத்து. முந்தைய நாள் குடலைக் கழுவக் குடிக்கும் கரைசல்தான் அதில் சிரமமான பகுதி. பரிசோதனை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மயக்க மருந்தும் கொடுப்பார்கள். இரண்டை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள்ளும் குழாயைச் செலுத்திப் பார்ப்பார்களா, சுவர் நன்றாகத் தெரிந்தாலும் திசு எடுப்பார்களா. கண்ணுக்குத் தெரியாமல் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அழற்சியும் உண்டு. காசநோய் ஐயம் இருந்தால் திசுவின் ஒரு துண்டைக் காசநோய்க் கிருமிக்கான மரபணுச் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். உணவு ஒவ்வாமை என்று நூறு பொருள்களின் பட்டியல் போட்டுத் தரும் விலையுயர்ந்த இரத்தப் பரிசோதனைகளுக்குப் பணம் செலவிடாதீர்கள். அவற்றை நம்பிச் சோற்றையும் பருப்பையும் விட்டவர்கள் இன்னும் மெலிந்துதான் வருகிறார்கள்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, இரத்தம் போனாலோ, வயிறு உப்பி வாயுவும் பிரியாமல் வாந்தி எடுத்தாலோ, கண் மஞ்சளானாலோ இந்த வரிசை எதற்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திருநெல்வேலியா, திருவனந்தபுரமா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளும், இந்தத் துறையின் தேர்ந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஒரே நாளில் போய்த் திரும்ப முடிகிற, உங்களோடு துணைக்கு வருபவருக்கும் வசதியான ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் தேர்ந்தெடுத்த மருத்துவரிடமே குறைந்தது மூன்று முறையாவது போங்கள். நான்கு ஆண்டுகளில் உங்களைப் பார்த்த ஒவ்வொருவரும் உங்களை முதல் நாள் நோயாளியாகவே பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரே ஸ்கேன் மூன்று முறை எடுக்கப்பட்டது. காசநோய் என்று தெரியவந்தால் அரசின் காசநோய்த் திட்டத்தில் மருந்து முழுவதும் இலவசம். எந்த ஊரில் கண்டுபிடித்தாலும் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்ளலாம். திசு ஆய்வின் முடிவு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதைத் தொலைபேசியில் கேட்டு முடித்துக்கொள்ளாமல் நேரில் போய் அறிக்கையை வாங்கி, அதை மருத்துவர் உங்கள் முன்னால் படித்து விளக்கும் வரை உட்கார்ந்திருங்கள்; அன்றைய எடையையும் அந்த அறிக்கையின் ஓரத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.