வயட் ஏர்ப் பெயர் ஏன் படைப் பட்டியலில் இல்லை?

அமெரிக்க மேற்கின் துப்பாக்கிச் சண்டையால் புகழ்பெற்ற வயட் ஏர்ப், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டதாகப் படித்துவிட்டு, வடக்கு (அரசு) தரப்புப் படைப் பட்டியலில் அவரைத் தேடிக் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைக்காது, அவர் அந்தப் போரில் சிப்பாயாக இருந்ததே இல்லை. 1848இல் பிறந்தவர், 1861இல் போர் தொடங்கியபோது வயது 13தான்.

நீங்கள் படித்தது பெரும்பாலும் அவருடைய அண்ணன் வர்ஜிலைப் பற்றியதாக இருக்கும். 1862இல் இல்லினாய் 83ஆம் காலாட்படையில் சேர்ந்து 1865 வரை இருந்தவர். 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் அந்தத் துப்பாக்கிச் சண்டை நடந்தபோது ஊர் மார்ஷலும் (ஊர்க் காவல் தலைவர்) அவர்தான். வயட் அவருக்குத் துணையாக நின்றவர். புகழ் மட்டும் தம்பிக்குப் போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த டிசம்பரில் இரவில் தெருவைக் கடக்கும்போது வர்ஜிலை மறைந்திருந்து சுட்டார்கள். அவருடைய இடது கை எலும்பு நொறுங்கி, கடைசிவரை அந்தக் கை உதவவில்லை. அப்படியும் 1887இல் கலிபோர்னியாவின் கோல்டன் ஊரார் அவரை மார்ஷலாகத் தேர்ந்தெடுத்தார்கள்!

சரி, இப்படித் தேடிப் பாருங்கள்: அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவையின் போர்வீரர் தரவுத்தளத்தில் முதலில் இல்லினாய் 83ஆம் காலாட்படையைத் திறந்து, அப்புறம் பெயரைப் பாருங்கள்.

ஒன்று கவனம். நியூட்டன், ஜேம்ஸ் என்ற மற்ற இரண்டு அண்ணன்மாரும் வடக்குப் படையில் இருந்தவர்கள். குடும்பப் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.